ஆளில்லா விமானத்தில் அணு உலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுசக்தியில் மாதக்கணக்கில் பறக்கும் ஆளில்லா விமானம் சாத்தியமே என்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: விமானி இல்லை, எனவே கதிர்வீச்சுத் தடுப்பின் எடை மிச்சம். பாதி சரி. 1950-களில் அமெரிக்கா என்பி-36எச் விமானத்தில் அணு உலையை ஏற்றிப் பறந்தபோது, ஈயமும் ரப்பரும் பொதிந்த விமானிகள் அறையே பல டன் கனத்தது. இத்தனைக்கும் அந்த உலை விமானத்தை இயக்கவில்லை. சும்மா கூடவே போய் வந்தது! ஆனால், தரையிறங்கிய விமானத்தில் ஒரு திருகைக் கழற்ற மனிதர்தானே போக வேண்டும்? மின்னணுச் சாதனங்களையும் கதிர்வீச்சு விட்டுவைக்காது.

சரி, உலை வேண்டாம், புளுட்டோனியத்தின் வெப்பத்தை மின்சாரமாக்கும், விண்கலங்களில் உள்ள புளுட்டோனிய மின்கலம் போதுமே என்றால் கணக்கு உதைக்கிறது. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தியின் மின்கலம் சுமார் 45 கிலோ. தொடக்கத்தில் தந்தது ஏறக்குறைய 110 வாட். இதை வைத்து ஒரு மின்விசிறியை ஓட்டலாம், 45 கிலோவைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. சனியின் துணைக்கோளான டைட்டனுக்கு நாசா தயாரிக்கும் டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலம் இப்படிப்பட்ட மின்கலத்தை நம்பித்தான் போகிறது. ஆனால் அங்கே காற்று அடர்த்தி அதிகம், ஈர்ப்போ பூமியில் ஏழில் ஒரு பங்கு. அப்படியும் மின்சாரத்தைச் சேமித்து வைத்துத்தான் அவ்வப்போது பறக்கும்.

அப்புறம், விழுந்தால்? 1978-ல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு விழுந்து, வட கனடாவில் கதிரியக்கத் துண்டுகளைத் தேட மாதக்கணக்கானது. 2022-ல் ஏர்பஸ்ஸின் செஃபிர் என்ற ஆளில்லா விமானம் வெறும் சூரிய ஒளியில் 64 நாள் பறந்தது. கடைசியில் அதுவும் அரிசோனாவில் விழுந்ததுதான். யாரும் கதிர்வீச்சுமானியோடு ஓட வேண்டியிருக்கவில்லை.

- ஒரு வாசகர்