எந்த ஆவணம், ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் பாடகி ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் பற்றிய கட்டுரையில், "ஆவணங்களின்படி 1902 மார்ச் 24 அன்று விவாகரத்து பெற்றார்" என்றொரு வரி. எந்த ஆவணம்? அந்தத் தேதியைச் சொன்னவர் அந்த அம்மையாரேதான். தீர்ப்பின் நகல் யார் கையிலும் அகப்படவில்லை. சுருதி சேராமலே பாடி 1944இல் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கை நிரப்பியவர். அவர் வாய்மொழியை ஆவணமாக்கிய பெருமை தங்களுக்கே.

அவர் பிறந்த பென்சில்வேனியாவில் விவாகரத்து வழக்குகள் அந்தந்த கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தில் இருக்கும். பின்னர் அவர் வாழ்ந்த நியூயார்க்கில் கோப்புகளை 100 ஆண்டு மூடி வைப்பார்கள். 1902 கோப்பு இருந்தால் அந்தத் தடையும் தீர்ந்துவிட்டது. அங்கே அன்று பிறன்மனைத் தொடர்பை நிரூபித்தால்தான் விவாகரத்து என்பதால் வேறு மாநிலம் போனவர்கள் உண்டு. ஆகவே ஓரிடத்தில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள்.

கல்யாண வருடத்திலும் அதே அவசரம். 1883 என்பாரும் உண்டு, 1885 என்பாரும் உண்டு. பென்சில்வேனியாவில் திருமண உரிமம் 1885 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முந்தியது என்றால் தேவாலயப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். 1890 சென்சஸ் கைகொடுக்காது. 1921 தீ விபத்தோடு அது அநேகமாக அழிந்தே போயிற்று. 1900 சென்சஸில் மணமாகி எத்தனை ஆண்டு என்ற பத்தி உண்டு, ஆனால் சொன்னதை எழுதிக்கொண்டார்களே தவிர சான்று கேட்டதில்லை. கணவனைப் பிரிந்தவர்கள் 'விதவை' என்று சொல்லிவிடுவதும் உண்டு. அவர் கணவர் டாக்டர் ஜென்கின்ஸ் இறந்தது 1917இல் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். அம்மையாரின் பிறந்த பெயர் நார்சிஸா ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர். 'ஃபுளோரன்ஸ்' என்று மட்டும் தேடினால் சிறுவயதுப் பதிவு நழுவக்கூடும்.

அம்மையாரின் உயில் கிடைக்காததைக் கட்டுரையாளர் துரதிர்ஷ்டம் என்கிறார். வம்சாவளி தேடுகிறவனுக்கு அது புதையல் ஐயா! உயிலில் வேண்டியவர் பெயர் மட்டும் இருக்கும். உயில் இல்லாவிட்டால் பங்கு கேட்கும் தூரத்து உறவு ஒவ்வொன்றும் கிளை கிளையாகத் தன் வழியை நிரூபிக்க வேண்டும். நியூயார்க்கின் வாரிசு நீதிமன்றத்தில் அதைத் தேடாமல் வேறெங்கே தேடுவது?

அம்மையாரின் துணைவர் பேஃபீல்டை "ஆங்கிலப் பிரபு வம்சம்" என்று ஒரே தாண்டாகத் தாண்டியிருக்கிறீர்கள். பேஃபீல்டின் பாட்டனார் 1842 முதல் 1844 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த எலன்பரோதான். ஆனால் அந்த வழி முறைப்படியான திருமணத்தில் வந்ததல்ல. பிரபு வம்ச நூல்களை மட்டும் நம்பினால் பேரன் அகப்பட மாட்டார்.

போன வருடம் ஒரு ஜமீன் வம்சாவளியில் தகப்பனுக்கு முன்பே மகனைப் பிறக்க வைத்தீர்கள். அப்போது எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. போகட்டும். "ஆவணங்களின்படி" என்பதை மட்டும் "அவரே சொன்னபடி" என்று ஏதாவதொரு பக்க ஓரத்தில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்