கீசரை இப்போதைக்குப் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

குழாயைத் தொட்டால் சுருசுருவென்று இழுக்கிறது, ஆனாலும் தண்ணீர் சுடுகிறது என்று ராத்திரி மெசேஜ் போட்டிருந்தாய். போன் பண்ணினால் எடுக்கவில்லை, அதான் எழுதுகிறேன். முதலில் மெயின் போர்டில் கீசர் லைனை வெட்டும் எம்சிபியை இறக்கு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பையனுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்.

இழுக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே தண்ணீரைச் சுட வைக்கிற எலிமெண்ட்தான். மேடவாக்கத்து போர் தண்ணீர் அப்படி. போன தடவை வந்தபோது ஷவர் துளைகளை ஊசியால் குத்திக் குத்தி வெள்ளை உப்பை எடுத்தேனே, அதே உப்பு எலிமெண்ட் மேல் ஓடாகப் படிந்திருக்கும், உறை அரித்துக் கரண்ட் தண்ணீருக்கு வந்திருக்கும். 15 லிட்டர் கீசர், 2000 வாட், சுமார் இருபது நிமிஷத்தில் நன்றாகச் சுட வேண்டும். முன்னைவிட நேரமாகிறதா என்று யோசித்துப் பார். ஆனால் எர்த் ஒழுங்காக இருந்தால் உன் கைக்கு இழுத்திருக்கவே கூடாது, எனக்குப் பயம் அங்கேதான். எர்த்தைப் பார்க்கச் சொல், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் போடச் சொல், கரண்ட் கசிவு கூடினால் அந்த சுவிட்ச் தானே விழுந்து லைனை வெட்டிவிடும். வீட்டுக்காரரிடம் மாப்பிள்ளையைப் பேசச் சொல். நீயே பேசினாலும் சரிதான்.

ஆள் வந்தால் மீட்டர் வைக்கச் சொல்லி நீ பக்கத்தில் நில். எலிமெண்டின் இரண்டு முனைக்கும் நடுவே 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும், முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமெண்டை மாற்று, கூடவே மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல், டேங்க் அரிக்காமல் தான் கரைவதற்கென்றே வைத்திருப்பது அது. ஏழாவது படிக்கும்போதே ஃப்யூஸ் கட்டையில் கம்பி சுற்றியவள் நீ, உனக்குப் புரியும்.

டேங்கே ஒழுகினால் மட்டும் காசு செலவழிக்காதே. வெல்டிங் வைக்கிறேன் என்பான். உள்ளே பூச்சு இருக்கிற டேங்கில் பற்றவைத்த இடம் கருகி மறுபடி அங்கேயேதான் அரிக்கும். மாமா கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது என்று பார்க்காதே, அவர் ஒன்றும் நினைக்க மாட்டார், புதுசு வாங்கு, பணம் நான் போட்டுவிடுகிறேன். ஒன்று, சுடும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டினால் அது ஒழுகல் இல்லை, சூட்டில் விரிகிற தண்ணீர் வெளியேறுகிறது, அதை அடைக்க மட்டும் விடாதே.

பழைய வீட்டில் பல்பு போனால்கூட மாப்பிள்ளைதான் போன் போட்டு என்னிடம் கேட்பார். பொங்கலுக்குப் பிறகு அவர் குரலையே கேட்கவில்லை. ஆபீஸ் வேலையாக இருக்கும், நான் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கூட வீடியோவில் "அப்பா எங்கடா" என்றால் உன் முகத்தைப் பார்க்கிறான். அம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. நாலு வரி மெசேஜ் போடுகிறவள் ஐந்தாவது வரியையும் போடலாம்.

எம்சிபியை இறக்கிவிட்டாயா? இறக்கிவிட்டு ஒரு போட்டோ அனுப்பு. டெஸ்டர், மீட்டர் எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் தாம்பரம். நீயும் பையனும் மட்டும் இருந்தாலும் வருகிறேன். வரட்டுமா என்று சொல்.

அப்பா