பின்கழுத்துக் கறுப்பு

விருதுநகர்,
புதன் இரவு

அன்பு ராசா,

தீபாவளியன்று உனக்கு எண்ணெய் தேய்க்கும்போது பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். "வலிக்குதும்மா" என்று நீ கத்தினதுதான் மிச்சம், அது போகவில்லை. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தது. உடம்பில் இன்சுலின் சரியாக எடுபடவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம். 30 வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவளுக்கு அது போதாதா? அதனால்தான் மறுநாளே உன்னை டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சுகர் 94, நார்மல்தானே" என்று மெசேஜ் போட்டிருக்கிறாய். அடுத்த வரியைப் பார்த்தாயா? வெறும் வயிற்றில் இன்சுலின் 24. இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு: இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் 5.57. இரண்டரையைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். அந்த 94 ஏறாமல் இருக்க உன் கணையம் டபுள் ஷிப்ட் பார்க்கிறது. அது களைத்த பிறகுதான் சுகர் ஏறும். அப்பாவுக்கு அப்படி ஏறிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்பாய். நம் உடம்புவாகு அப்படி, ராசா. கை கால் குச்சியாக இருக்கும், கொழுப்பு வயிற்றிலும் ஈரலிலும் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் பேச்சு எடுபடாது. ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா, கூடவே 300 மில்லி குளிர்பானம். அந்தப் பாட்டிலில் மட்டும் சுமார் எட்டு ஸ்பூன் சர்க்கரை.

இவ்வளவு சாப்பிட்டும் வயிறு நிறைந்த மாதிரியே இல்லை என்றாயே, அதற்கும் காரணம் இருக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் அதிகம் சுரக்கும். மூளைக்கு "போதும்" என்றும், கணையத்துக்கு "இன்சுலினைச் சுர" என்றும் சொல்லி அனுப்புவது அதுதான். ரத்தத்தில் கலந்த இரண்டே நிமிஷத்தில் பாதி சிதைந்துவிடும். மைதாவும் சர்க்கரையும் மேல்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கீழே போய்ச் சேர்வது சொற்பம். நார்ச்சத்துதான் கடைசி வரை போகும். அதைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைக்கும்போது வரும் அமிலங்கள் அந்த ஹார்மோனைத் தூண்டிவிடும். அதனால் உன்னைத் தின்னிப்பண்டாரம் என்று அப்பா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் சுகருக்குப் போடும் கிளிப்டின் மாத்திரை அந்தச் சிதைவைத்தான் தள்ளிப்போடுகிறது. இப்போது எல்லோரும் பேசும் இளைக்கிற ஊசியும் அந்த ஹார்மோன் மாதிரி வேலை செய்வதுதான். அந்த வகையில் 2005இல் முதலில் வந்த மருந்துக்கு மூலம், அமெரிக்கப் பாலைவனப் பல்லி ஒன்றின் எச்சில்! நம்பாவிட்டால் தேடிப் பார்.

பரோட்டாவை விடச் சொல்லமாட்டேன், விருதுநகரில் பிறந்தவனிடம் அது நடக்காது. எண்ணெய் பரோட்டாவை ஊருக்கு வரும்போது சாப்பிடு. குளிர்பானத்தை அடியோடு நிறுத்து. முதலில் சுண்டலோ முட்டையோ பொரியலோ, அப்புறம் சோறு. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நட. நடக்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

பார்சலில் கொள்ளுப்பொடி வைத்திருக்கிறேன். அதிரசம் வைக்கவில்லை. ஆனால் ஒட்டும்போது டப்பா கனமாக இருந்தது, அப்பா வேலையாக இருக்கும்.

பொங்கலுக்கு வரும்போது பஸ்ஸில் ராத்திரி எதுவும் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி. காலையில் நானே ரத்தம் எடுக்கிறேன்.

அம்மா