எல்லை காந்திய ஒரு மார்க்கோட முடிச்சிடாதீங்க: போட்டித்தேர்வு கைடு போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கைடு எழுதுற, மாதிரி வினாத்தாள் தயாரிக்கிற எல்லா சாருக்கும் மேடத்துக்கும் வணக்கம்.

நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்லீங்க. எங்க ஊர் நூலகத்துல சாயங்காலம் பத்துப் பன்னெண்டு பசங்களுக்கு ஃப்ரீயா வரலாறு சொல்லிக்குடுக்குறேன், அவ்வளவுதான். போன மாசம் ஒரு பொண்ணு கைடை தூக்கிட்டு வந்து, "சார், எல்லை காந்தின்னா பார்டர்ல உக்காந்து உண்ணாவிரதம் இருந்தவரா?"ன்னு கேட்டுச்சு. சிரிச்சிட்டேன். அப்புறம் அந்த பக்கத்தை வாங்கிப் பாத்தா அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. பொருத்துக பகுதியில மேல லோகமான்யர் திலகர், கீழ தேசபந்து சி.ஆர்.தாஸ், நடுவுல எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கான். முடிஞ்சது. அந்தப் பேரையும் ஒரே புக்குல மூணு இடத்துல மூணு மாதிரி அடிச்சிருக்கீங்க, சரி அத விடுங்க.

என் வருத்தமே அந்தப் பட்டப்பேர் மேலதான். காந்தி ஏத்துன விளக்குல இருந்து ஒரு பொறி பறந்து வடமேற்கு எல்லையில விழுந்துச்சு, அதான் இவருன்னு பசங்க நெனச்சுக்குறாங்க. ஆனா மனுஷன் 1910லயே இப்ப பாகிஸ்தான்ல இருக்குற பெஷாவர் பக்கம் உத்மன்சாய்ங்கற தன்னோட ஊர்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டாரு, அப்ப அவருக்கு வயசு இருபது, காந்தி இன்னும் தென்னாப்பிரிக்காவுல இருக்காரு. அகிம்சைய எங்க புடிச்சீங்கன்னு கேட்டா, இதுல என்ன அதிசயம், நபிகள் மக்காவுல இருந்த காலம் பூரா கடைப்பிடிச்சது இதுதானே, நாமதான் மறந்துட்டோம்னு சொன்னவரு. காந்தி மேல அவருக்கு உசுரு, அதுல சந்தேகமே இல்ல, 1938ல காந்தி ரெண்டு தடவ அந்தப் பக்கம் போய் இவர் ஆளுங்கள பாத்துட்டு வந்தாரு. அதுக்காக இவரை காந்தியோட ஜெராக்ஸ் காப்பி ஆக்குறது நியாயமா?

அந்த ஊர் எப்படிப்பட்ட ஊருன்னு தெரிஞ்சாத்தான் இவரு செஞ்சது புரியும். இவரோட இனமான பஷ்தூன் மக்களோட வழக்கத்துல பதல்னு ஒண்ணு உண்டு, பழிக்குப் பழி. தாத்தாவ வெட்டுனதுக்கு பேரன் வரைக்கும் கணக்கு தீர்ப்பாங்க, தீர்க்கலன்னா ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி. அப்படி ஒரு எடத்துல 1929ல குதாய் கித்மத்கார், அதாவது இறைவனோட ஊழியர்கள்னு ஒரு படைய கட்டுறாரு. படைன்னா நெசமாவே படை, சீருடை, அணிவகுப்பு, ரேங்க் எல்லாம் உண்டு, ஆயுதம் மட்டும் கிடையாது. சேரும்போது ஒரு உறுதிமொழி எடுக்கணும். கடவுளுக்கு நம்ம சேவை தேவையில்ல, அவர் படைச்ச உயிர்களுக்கு செய்யறதுதான் அவருக்கு செய்யற சேவை, வன்முறையில இறங்க மாட்டேன், பழி வாங்க மாட்டேன், எனக்கு கொடுமை செஞ்சவங்கள மன்னிப்பேன், தினமும் ரெண்டு மணி நேரமாவது பொது வேலை செய்வேன்னு. பழி வாங்க மாட்டேன்னு ஒரு பஷ்தூன் வாய்விட்டு சத்தியம் பண்றான் சார்! சுதந்திரம் வாங்குறதுக்கு முன்னாடி இது ஒண்ணே பெரிய புரட்சி இல்லையா. வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்காகுதுன்னு செங்கல் கலர்ல சாயம் போட்டுக்கிட்டாங்க, அத வச்சு வெள்ளைக்காரன் செஞ்சட்டைக்காரன்னு பேர் வச்சு ரஷ்யா ஆளுங்கன்னு கிளப்பி விட்டான்.

1930 ஏப்ரல்னு சொன்னா நம்ம பசங்களுக்கு ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யம் நடந்தது தூக்கத்துல கேட்டாலும் வரும். உப்பு அள்ளுன தேதி ஏப்ரல் 30. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஏப்ரல் 23, பெஷாவர் கிஸ்ஸா கானி பஜார். கான் உட்பட தலைவர்கள கைது பண்ணிட்டாங்கன்னு கூட்டம் கூடுது, கவச வண்டிய விட்டு ஏத்துறாங்க, சுடுறாங்க, எத்தனை பேர் செத்தாங்கன்னு அரசாங்கம் சொன்ன கணக்கும் காங்கிரஸ் சொன்ன கணக்கும் இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகல. அங்கதான் பிரிட்டிஷ் படையில இருந்த கார்வால் ரைபிள்ஸ் சிப்பாய்ங்க, இந்து சிப்பாய்ங்க, நிராயுதபாணி முஸ்லிம் கூட்டத்தை பாத்து சுட மாட்டோம்னு துப்பாக்கிய இறக்குனாங்க. அவங்களுக்கு முன்னாடி நின்ன சந்திர சிங் கார்வாலிக்கு ஆயுள் தண்டனை குடுத்தாங்க. வேதாரண்யத்துக்கு பக்கத்துலயே இத ஒரு பாராவா போட்டா புக்கு என்ன கனமாவா ஆயிடும்?

ராஜாஜின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, இத எந்த கைடுலயும் நான் பாத்ததில்ல. 1940ல, சுதந்திரத்துக்கு உத்தரவாதம் குடுத்தா உலகப் போர்ல பிரிட்டனுக்கு ஒத்துழைக்கலாம்னு காங்கிரஸ் காரியக் கமிட்டி தீர்மானம் போடுது, அதுக்கு முன்னாடி நின்னவரு நம்ம ராஜாஜி, காந்திக்கு அதுல சம்மதமில்ல. அப்ப கமிட்டியே வேணாம்னு ராஜினாமா பண்ணிட்டு போனவரு கான். மத்தவங்களுக்கு அகிம்சை ஒரு வழிமுறை, தேவைப்பட்டா மாத்திக்கலாம், இவருக்கு அது நம்பிக்கை. ராஜாஜி பக்கமும் நியாயம் உண்டு, ஹிட்லர் பாரிஸுக்குள்ள வந்தாச்சு, அப்ப என்னதான் பண்றது? இந்த ரெண்டு பக்கத்தையும் வகுப்புல போட்டா ஒரு மணி நேரம் சண்டை போடுவாங்க பசங்க, போட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன்.

1947க்கு அப்புறம் உங்க புக்குல அவர் காணாமலே போயிடுறாரு. பிரிவினையே வேணாம்னு நின்னவரு, காங்கிரஸ் ஒத்துக்கிட்டப்போ எங்கள ஓநாய்ங்ககிட்ட தூக்கிப் போட்டுட்டீங்களேன்னு கேட்டாரு. இந்தியாவா பாகிஸ்தானாங்கற வாக்கெடுப்புல எங்களுக்கு தனி பஷ்தூனிஸ்தான்னு ஒரு மூணாவது வழி இல்லையேன்னு புறக்கணிச்சாரு. அந்த முடிவு சரியா தப்பான்னு எனக்கே இன்னும் குழப்பம், ஓட்டு போடாம ஒதுங்குனதுல எதிர்ப்பக்கத்துக்கு வேலை சுலபமாத்தானே ஆச்சு. ஆனா நாடுன்னு ஆனப்புறம் பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணமும் எடுத்தாரு, எடுத்தும் சில மாசத்துல ஜெயில்ல போட்டாங்க. 1948 ஆகஸ்ட் 12, சார்சத்தா பக்கம் பாப்ரா, மறுபடி செஞ்சட்டைக்காரங்க மேல துப்பாக்கிச்சூடு, இந்தத் தடவ சுட்டது சொந்த நாட்டு போலீஸ். வெள்ளைக்காரன் ஜெயிலும் பாத்து பாகிஸ்தான் ஜெயிலும் பாத்தவரு.

இந்தியாவ வெறுமனே தட்டிக் குடுத்துட்டுப் போனாருன்னு நெனைக்காதீங்க. 1969ல காந்தி நூற்றாண்டுக்கு டெல்லிக்கு கையில ஒரு துணி மூட்டையோட வந்தாரு, அப்பதான் குஜராத்ல மதக்கலவரம் நடந்து முடிஞ்சிருக்கு. விழாவுக்கு வந்த விருந்தாளி மூணு நாள் உண்ணாவிரதம் உக்காந்துட்டாரு. 1987ல பாரத ரத்னா குடுத்தோம், இந்தியக் குடிமகனா இல்லாத ஒருத்தருக்கு முதல் தடவையா. அடுத்த வருஷம் வாங்குனது எம்.ஜி.ஆர்., அது எல்லா பசங்களுக்கும் தெரியுது. டெல்லி கரோல் பாக்ல கஃபார் மார்க்கெட்னு இவர் பேர்ல ஒரு கடைவீதி இருக்கு, அங்க போய் செல்போன் ரிப்பேர் பண்றவன்ல எத்தனை பேருக்கு அந்த கஃபார் யாருன்னு தெரியும்?

1988 ஜனவரி 20 பெஷாவர்ல இறந்தாரு. தன்னை ஆப்கானிஸ்தான்ல இருக்குற ஜலாலாபாத்துல பொதைக்கணும்னு சொல்லியிருந்ததால, ஆப்கன் போர் நடந்துட்டிருந்த நேரத்துல ஆயிரக்கணக்கான ஜனம் கைபர் கணவாய தாண்டி கூடப் போச்சு, அதுக்காக சண்டைய நிறுத்தி வச்சாங்க, அப்படியும் ஊர்வலத்துல குண்டு வெடிச்சு ஆள் செத்தாங்க. 2016ல அதே ஜனவரி 20, சார்சத்தாவுல அவர் பேர் வச்ச பல்கலைக்கழகத்துல அவரோட நினைவு நிகழ்ச்சி அன்னிக்குத்தான் தீவிரவாதிங்க புகுந்து மாணவர்களை சுட்டாங்க.

நான் கேக்குறது அதிகமில்லீங்க. பட்டப்பேர் கேள்விய எடுக்க வேணாம், இருக்கட்டும், கூடவே அந்த உறுதிமொழியையும் கிஸ்ஸா கானியையும் 1940 ராஜினாமாவையும் சேத்து ஒரு பக்கம் குடுங்க. இந்த வாரம் என் பசங்களுக்கு டெஸ்ட் வைக்கறேன், "பழி வாங்க மாட்டேன்ங்கற சத்தியம் ஒரு பஷ்தூனுக்கு ஏன் கஷ்டம்?"னு ஒரு கேள்வி எழுதி வச்சிருக்கேன். அதுக்கு நாலு ஆப்ஷன் எழுத உக்காந்தேன், வரமாட்டேங்குது. உங்களுக்கு வந்தா எழுதி அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க கைடை வருஷா வருஷம் காசு குடுத்து வாங்குற ஒருத்தன்