ஆற்றங்கரைக்கு ஒரு வண்டி: நன்கொடை வேண்டுகோள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுண் பகுதி மக்களுக்கும், பிழைப்புக்காகச் சென்னையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நம் தெருக்களில் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாக வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போக ஒரு வண்டி வாங்கப் போகிறோம். ஆஸ்பத்திரிக்கு அல்ல. ஆற்றங்கரைக்கு, குளக்கரைக்கு, மரத்தடிக்கு. இரண்டு மணி நேரம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். அதற்குப் பணம் வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஏன், எவ்வளவு, எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறோம். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, யூரின் டியூப் மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, இதுதான் இதுவரை எங்கள் வேலை. போகிற வீடுகளில் "என்ன வேணும்?" என்று கேட்போம். டயபர், தண்ணீர் மெத்தை, மாத்திரை என்று பதில் வரும். சென்ற வருடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "எங்கேயாவது போகணும்னு இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தோம்.

திருப்பதி, காசி என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்தோம். வந்த பதில்கள் வேறு. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் காலை வைக்க வேண்டும் என்றார் ஓர் ஆச்சி. கோயில் கூட வேண்டாமாம், படித்துறையில் உட்கார்ந்தால் போதுமாம். லாரி ஓட்டிக்கொண்டிருந்து பக்கவாதத்தில் விழுந்த ஓர் அண்ணாச்சி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுவதை ரோட்டோரமாக நின்று பார்க்க வேண்டும் என்றார். தசைச் சிதைவு நோயால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்ட ஒரு பெண், மொட்டைமாடியிலிருந்து நீலமாகத் தெரியும் பொதிகை மலை பக்கத்தில் போனால் பச்சையாக இருக்குமா என்று கேட்டாள். மாடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போன அப்பா இப்போது இல்லை. ஒரு தாத்தா மழையில் நனைய வேண்டும் என்றார். வீட்டில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இதெல்லாம் தூரமான ஆசைகளா? பல வீடுகளிலிருந்து தாமிரபரணி ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு நடுவில் நிற்பது நோயைவிடப் படிக்கட்டு என்பதுதான் வீடு வீடாகப் போய் நாங்கள் தெரிந்துகொண்டது.

நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவைவிட மூன்றடி உயரத்தில் திண்ணை, ஒடுக்கமான நடை, அப்புறம் பட்டாசல். வளவு வீடுகளில் இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே வர முடியாது. மச்சில் வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடித் திண்ணைக்கு 36 அடி. தெருவின் அகலமே அவ்வளவு இல்லையே! அதனால் இன்றைக்கு நடக்கிற வழி என்ன? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் இடுப்பைக் கட்டி, நாலு பேர் காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்குவது. நாற்காலிக் கால் எப்போது மடியும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முறை அப்படி இறங்கிப் பயந்துபோனவர் மறுமுறை "வேண்டாம்யா, நான் இங்கேயே கிடக்கேன்" என்று சொல்லிவிடுகிறார். வீட்டாரும் அவருக்கு வெளியே வர விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. இதைக் கூட்டத்தில் முதலில் சொன்னவர் எங்கள் நர்ஸ் அக்காதான், ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை. வழியில் சிறுநீர் வந்தால் என்ன செய்வது என்ற பயம். வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். படுக்கையிலும் டியூபிலும் இருப்பவர்கள் தண்ணீரைக் குறைத்தால் அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதனால் வண்டிக்குள் திரைபோட்ட மூலையும், கமோடு நாற்காலியும், உதவிக்கு ஒரு பெண்ணும் கட்டாயம் என்று முடிவு செய்திருக்கிறோம். வண்டி அழகாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

"சோத்துக்கும் மருந்துக்குமே வழியில்லாத வீடுகள் இருக்கும்போது ஊர் சுற்றிக் காட்ட வண்டியா?" இந்தக் கேள்வி எங்கள் கூட்டத்திலேயே எழுந்தது. கேட்டவர் நல்ல மனிதர். இன்றும் குழுவில் இருக்கிறார். உங்களுக்கும் இதே கேள்வி வரலாம்.

மருத்துவப்படி சொல்ல விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. அதே மாதிரியான மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. 1984-ல் வெளிவந்த ஆய்வு. சின்ன ஆய்வுதான், ஆனால் ஆஸ்பத்திரி கட்டுபவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். இன்னொரு விஷயம் வெயில். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மூடிய ஜன்னலோரம் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்தப் பலன் கிடைக்காது.

இருந்தாலும் இந்த வேண்டுகோளை நாங்கள் ஆய்வின்மேல் நிறுத்த விரும்பவில்லை. நடக்கிற நாம் சாயங்காலம் ஆற்றுப் பக்கம் போவதற்கு யாரிடமாவது மருத்துவக் காரணம் சொல்கிறோமா? போகத் தோன்றுகிறது, போகிறோம். படுத்திருப்பவர் மட்டும் ஏன் சீட்டு வாங்கிக்கொண்டு ஆசைப்பட வேண்டும்? 2020 மார்ச் 25-ஆம் தேதி 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது மூன்றாம் நாளே மொட்டைமாடியில் நடக்க ஆரம்பித்தவர்கள் நாம். குற்றாலத்தில் சாரல் என்று யாராவது வாட்ஸ்அப்பில் பழைய வீடியோ போட்டால் எரிச்சல்தான் வந்தது. நம் தெருவில் பத்து வருடமாக அதே வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களும் பொழுதுபோக்கும் இவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது. சில நல்ல காரியங்கள் நடக்கவும் செய்கின்றன. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலை வரைக்கும் போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். அவ்வளவு பெரிய காரியத்தோடு எங்களை ஒப்பிடவில்லை. ஒரே ஒரு வண்டி கேட்கிறோம்.

எங்கே போவோம் என்றால், பெரும்பாலும் பக்கத்தில்தான். குறுக்குத்துறை, கொக்கிரகுளம், மருத மரம் நிற்கிற சேரன்மகாதேவிப் பக்கம். ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் போவதில்லை. ஆற்றுக்குள் கோயில் கொண்டிருக்கிற குறுக்குத்துறை முருகனே அப்போது கரையிலிருக்கிற மேலக்கோயிலுக்குப் போய்விடுகிறார், நாம் எம்மாத்திரம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் கூந்தன்குளம். நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற அந்த ஊர் எங்கள் ஆட்களுக்கென்றே அமைந்த மாதிரி. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று அங்கே தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வண்டியிலிருந்து இறங்க முடியாதவரும் கதவைத் திறந்துவைத்தாலே குஞ்சுகளின் சத்தத்தைக் கேட்கலாம். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தும் அங்கே குளிர்காலத்தில் இறங்கும். சாரல் காலத்தில் குற்றாலம் ஒரு முறை. அருவியில் குளிக்க வைப்பதாகச் சொல்லவில்லை, அது எங்கள் சக்திக்கு மீறியது. திவலை முகத்தில் படுகிற தூரத்தில் நிறுத்துவோம்.

பாதுகாப்பு பற்றிச் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, வெயிலில் உடம்பு சட்டென்று சூடேறிவிடும். ஆகவே கோடையில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்புவோம். ஒரு நடைக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை. ஒவ்வொருவரோடும் வீட்டில் பார்த்துக்கொள்பவர் வரலாம். உண்மையில் அவர்களும் அடைந்து கிடப்பவர்கள்தான். மாமியாரை விட்டு நகர முடியாமல் வருடக்கணக்கில் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாத மருமகள்கள் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் கூட வராமல் அந்த மூன்று மணி நேரம் தூங்கிக்கொள்கிறேன் என்றால் அதுவும் சரி.

இனி கணக்கு. நல்ல நிலையில் இருக்கிற பழைய வேன் ஒன்றுக்கு 6,50,000 ரூபாய். பின்பக்கம் மடக்குகிற சரிவுப் பலகை, சக்கர நாற்காலியைத் தரையோடு பூட்டும் கொக்கிகள், பெல்ட், திரை எல்லாம் சேர்த்து 1,40,000. படிக்கட்டில் ஆளை இறக்கும் நாற்காலி இரண்டு, 70,000. திண்ணைக்குப் போட்டு எடுக்கும் அலுமினியப் பலகை 35,000. இப்படி மாற்றிய வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். அதற்கும் இன்சூரன்ஸுக்கும் தகுதிச் சான்றுக்கும் 65,000. முதல் வருட டீசல், டிரைவர் சம்பளம் 2,40,000. மொத்தம் 12 லட்சம். குழுவினரும் தெருக்காரர்களும் போட்டது 2,85,000 கையில் இருக்கிறது. இன்னும் 9,15,000 வேண்டும்.

புது வண்டியே வாங்கலாமே என்றார் ஒருவர். வாங்கலாம், ஆனால் பணம் சேர இன்னும் இரண்டு வருடம் ஆகும். பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் இரண்டு வருடம் இல்லை.

படிக்கட்டு நாற்காலிகளை மட்டும் வண்டிக்குக் காத்திராமல் முதலில் வாங்கிவிடுவோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, கைலாசபுரம் பக்கம் தண்ணீர் ஏறியபோது படுத்திருப்பவர்களை மாடிக்கு ஏற்றப் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் எந்தத் தெருவிலிருந்து கேட்டாலும் அவை இலவசமாகக் கொடுக்கப்படும்.

கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவே இருக்கிற பாலத்தில் போகாத நெல்லைக்காரர் கிடையாது. 1843-ல் திறந்த அந்தப் பாலத்துக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் சுலோசன முதலியார். இன்றைக்கும் அப்படி ஒருவர் இருந்து முழுத் தொகையையும் கொடுத்தால் நாங்கள் மறுக்க மாட்டோம். இல்லையென்றால் நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம். 2,000 ரூபாய் ஒரு நடைக்கான டீசலுக்கும் டிரைவர் படிக்கும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். பிறந்தநாள், நினைவுநாள் என்று ஒரு நாளை ஏற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது தோதான தொகை. வண்டியில் கொடுத்தவர் பெயர் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பயணம் வருபவர்களைப் படமெடுத்து எங்கும் போடுவதும் இல்லை. நன்கொடையாளர்கள் படம் கேட்டாலும் பதில் இதுதான், தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

கொடுப்பவர்களுக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதி எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பித்திருக்கிறோம். வரிக்காகக் கொடுக்க நினைப்பவர்கள் அது வரும்வரை பொறுத்திருக்கலாம். பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள், கணக்கு எண் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கூட்டத்தில் படிக்கப்படும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். மார்ச் முடிவுக்குள் வண்டிக்கான பணம் சேராவிட்டால், கொடுத்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, திரும்ப வேண்டும் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பணமாகக் கொடுக்க முடியாதவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். வண்டி வந்தபிறகு ஞாயிறு காலைகளில் தூக்கி இறக்க ஆள் வேண்டும். எப்படிப் பிடிப்பது, எங்கே பிடிக்கக் கூடாது என்று எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். பெண்கள் அவசியம் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் முதல் ஞாயிறு கூட்டத்துக்கு வாருங்கள், கூட்டம் காலை பத்து மணிக்கு, டீ உண்டு.

இப்படிக்கு,
குழுவினர்