சுக்கானுக்கு மேட் ரெசின் ஒத்துவராது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹவாய்த் தீவுகளின் பக்கமிதவை ஓடங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதில், 'சுக்கான் உடைந்தால் எந்த ஃபைபர் படகுப் பட்டறையிலும் கொடுத்து மேட்டும் ரெசினும் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்' என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. மேட் என்பது கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்த விரிப்பு, ரெசின் என்பது அதை நனைத்து இறுகும் பசை. அந்த வரியை நம்பி யாரும் சுக்கானைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். எல்லாப் பக்கமிதவை ஓடத்திலும் சுக்கான் இருப்பதில்லை. 1952 முதல் நடக்கும் மொலொக்காய் ஹோயே பந்தயத்தின் ஆறு பேர் ஓடத்தில், கடைசி இருக்கையில் இருப்பவர் துடுப்பைக் கொண்டே திசை பிடிக்கிறார். தாஹித்தியின் வி1 என்னும் ஒருவர் ஓடத்திலும் சுக்கான் கிடையாது. கட்டுரையின் படத்தில் இருப்பது ஓ.சி.1 என்னும் இன்னொரு வகை ஒருவர் ஓடம். அதில்தான் பின்பக்க அடியில் சிறிய சுக்கான் பலகை தொங்கும். பலகையின் எஃகுத் தண்டு ஒரு குழாய் வழியாக ஓடத்தின் மேலே வரும். தண்டின் தலையில் ஒரு கை, அதிலிருந்து இரண்டு கம்பிவடம், முன்னே இரண்டு கால் பெடல்.

சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்கப் பெருகிய ஃபைபர் படகுகள் பாலியஸ்டர் ரெசினில் செய்தவை. ஓ.சி.1 ஓடங்களும் அவற்றின் சுக்கான்களும் பெரும்பாலும் எபாக்சி என்னும் வேறு வகை ரெசினில் செய்தவை. பாலியஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும். இறுகிய எபாக்சி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. பலகையின் உள்ளே தெர்மாகோல் வகை நுரை இருந்துவிட்டால் இன்னும் மோசம். பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்னும் கரைப்பான் அந்த நுரையைக் கரைத்துவிடும். வெளியே பளபளவென்று ஓடு, உள்ளே வெறும் பொந்து. பட்டறை மேட்டில் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசையும் ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்தது. எபாக்சியில் அது இளகாது, மேட் விறைப்பாகவே நின்று ஓரங்களில் படியாது. ஆகவே நெய்த கண்ணாடித் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையில் இருந்தால் போதும்.

கைப்பழக்கம் ஒன்றும் இதில் குறுக்கே வரும். பாலியஸ்டரில் கேட்டலிஸ்ட் என்னும் தூண்டியை ஓரளவு கூட்டியோ குறைத்தோ விட்டு, இறுகும் நேரத்தைக் கட்டுப்படுத்துவோம். எபாக்சியில் ஹார்டனர் வெறும் தூண்டி அல்ல, ரெசினோடு சேர்ந்து இறுகும் சரக்கில் ஒரு பங்கு. கூடுதலாக விட்டால் மிஞ்சியது உள்ளேயே தங்கி, என்றைக்கும் ரப்பர் போலவே கிடக்கும். வெஸ்ட் சிஸ்டம் என்னும் பிராண்டின் 105 எபாக்சி ரெசினுக்கு 205 அல்லது 206 ஹார்டனர் என்றால் கன அளவில் 5-க்கு 1. அதே ரெசினுக்கு, வெயில் ஊருக்கான 209 என்றால் 3-க்கு 1. வேறு டின் என்றால் வேறு கணக்கு. சித்திரை வெயிலில் 30 மில்லிக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலந்ததைக் கப்பிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைந்துவிடும். அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

சுக்கானைக் கழற்றும்போது கவனம். தண்டின் தலையில் இருக்கும் கையை இறுக்கியிருக்கும் சிறு திருகை ஆலன் கீயால் தளர்த்தியதும் பலகை நேரே கீழே விழும். அடியில் ஒரு கை பிடித்திருக்க வேண்டும். இதைத் தண்ணீரில் செய்யவே கூடாது.

பாறையில் இடித்த சுக்கானில் கண்ணுக்குத் தெரிவது பலகை நுனியின் சிதைவு. உயிர்நிலை அதுவல்ல, தண்டு பலகைக்குள் நுழையும் இடம். தண்டின் அடியிலிருந்து பலகைவரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். வைஸ் என்னும் பட்டறைப் பிடிப்பானின் தாடைகளுக்கு மரச்சக்கை வைத்துத் தண்டை இறுக்கி, பலகையைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கோடு ஒரு மயிரிழை விலகினாலும் உள்பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். பெடலை மிதித்தும் ஓடம் திரும்பாததற்குக் காரணம் பல நேரம் இதுதான். மூட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை கசிந்திருந்தால், நீர் புகுந்து எஃகு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கிவிட்டது.

தண்டு நேராக இருக்கிறதா என்று கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இலேசான வளைவைக் குளிராகவே நிமிர்த்தலாம். மடிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். நிமிர்த்திய இடத்திலேயே ஒருநாள் முறியும். நெருப்பில் காட்டினால் சூடு தண்டு வழியே இறங்கி எபாக்சியை இளக்கிவிடும்.

அடுத்தது காயவைப்பது. அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, சிதைவின் வாயை மேலும் திறந்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தினமும் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். எடை குறைவது நின்றால்தான் உள்ளே காய்ந்தது. இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்.

பிறகு முதலில் அசிட்டோன் துணியால் பிசுக்கைத் துடையுங்கள், அதன் பிறகே 80-ஆம் நம்பர் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் பிசுக்கைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும். உடைந்த ஓரத்தைச் சரிவாகச் சீவ வேண்டும். ஓட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரிவு 12 மில்லிமீட்டர். பள்ளத்துக்கு எபாக்சியில் சிலிக்காத் தூள் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் அடைக்கலாம். கார் பட்டி வேண்டாம், அது நீரை உறிஞ்சும். அதன் மேல் இரண்டு பக்கமும் துணி, பக்கத்துக்கு இரண்டு அடுக்கு, கீழடுக்கை விட மேலடுக்கு சற்று அகலமாக. இறுகிய மேற்பரப்பில் மெழுகு போல ஒரு படிவு வரலாம். அதை வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த தேய்ப்புக்குப் போங்கள்.

தண்டு சுழன்றுவிட்ட சுக்கானை ஓடத்துக்குத் திரும்பப் போடாமல், சரிசெய்து உபரியாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். அதைச் சரிசெய்வதென்றால் ஒரு பக்க ஓட்டைத் தண்டின் நீளத்துக்கு வெட்டித் திறங்கள். தண்டின் உள்முனையில் தகடோ கிளையோ பற்றவைத்திருக்க வேண்டும். வெறும் உருட்டுக் கம்பியாக இருந்தால் எவ்வளவு பசை போட்டாலும் மறுபடி சுழலும். எஃகின் மேல் எபாக்சியைப் பூசி, அந்த ஈரத்தோடேயே உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்த எஃகு காற்றுப் பட்டவுடன் படலம் கட்டிக்கொள்ளும். பசைக்கு அடியில் தேய்த்தால் அதற்கு வழியில்லை. கார்பன் துணி போடுவதாக இருந்தால், அதற்கும் எஃகுக்கும் நடுவே ஓர் அடுக்கு கண்ணாடித் துணி கட்டாயம். கார்பன் நேரே தொட்டால் உப்புநீரில் எஃகு அரிக்கும்.

வடிவத்தை வேலை தொடங்கும் முன்பே அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு முகமும் ஒரே வளைவில் இருக்க வேண்டும். முன்விளிம்பு உருண்டையாக இருக்கட்டும். கத்தி போலக் கூராக்கினால் சற்றே திருப்பியதும் நீர்ப்பிடிப்பு விட்டுப்போகும். பின்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சதுரமாக நறுக்கி விடுங்கள். அங்கே உருட்டிவிட்டால் வேகத்தில் 'ங்ங்' என்று முரலும்.

ஒரு வாரம் இறுகவிட்டு மாட்டுங்கள். பலகைக்கும் ஓடத்தின் அடிக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். அகலமாக விட்டால் பாசி சிக்கும். முன்முனையிலிருந்து பின்முனைக்கு நூல் கட்டி, பெடல்கள் சமமாக இருக்கும்போது பலகை நூலோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துத் திருகை முடுக்குங்கள். மிதவை வழக்கமாக இடப்பக்கம் இருப்பதால், அதன் இழுவையில் ஓடம் இடப்பக்கம் சற்றே ஒதுங்கும். அதைச் சுக்கானின் கோளாறு என்று எண்ணி, நேராக இருக்கும் பலகையை மறுபடி தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
துடுப்புப் படகு பழுதுபார்ப்போர் இருவர்,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.