ஸ்மார்ட் மீட்டர் வரட்டும். முன்பணம் கட்டாயமாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளை அம்மாவும் நானும் சேர்ந்தே படித்துவருகிறோம். நாளை ஆட்கள் மீட்டரோடு வாசலில் வந்து நின்றால் சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று சென்ற வாரம் அம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை, இதே கேள்வியோடு இருக்கும் பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புது மீட்டர் வேகமாக ஓடும் என்ற அச்சம் எங்கள் தெருவிலும் இருக்கிறது. இந்த அச்சத்தை நான் ஏற்கவில்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது சக்கரம் சுழலும் பழைய மீட்டர் அல்ல, மின்னணு மீட்டர்தான். ஸ்மார்ட் மீட்டரும் அதே முறையில்தான் யூனிட்டை அளக்கிறது. கூடுதலாக அதில் இருப்பவை இரண்டு: அளந்ததைத் தானாகவே அலுவலகத்துக்கு அனுப்பும் தகவல்தொடர்புக் கருவி, அங்கிருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் கொடுக்கவும் உதவும் உள் சுவிட்ச். அளவு குறித்து உண்மையிலேயே சந்தேகம் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ரீடிங் தவறு என்று நாம் புகார் கொடுத்தால் 5 நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாதங்களுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நன்மையும் உண்டு. தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டண முறையில் 500 யூனிட் என்பது ஒரு பெரிய மேடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதங்களில் சரியாக 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டால் 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500ஐத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த 2 ரூபாய் 25 காசு என்ற குறைந்த விலை போய்விடுவதே இதற்குக் காரணம். எனவே கணக்கெடுப்பு நான்கைந்து நாள் தள்ளிப்போனால், நியாயமாக 480 யூனிட்டில் முடிய வேண்டிய வீடு மேட்டைத் தாண்டிவிடுகிறது. குறித்த நாளில், குறித்த நேரத்தில் தானாகவே ரீடிங் பதிவாகுமானால் இந்த இழப்பு நேராது. வீடு பூட்டியிருந்ததால் உத்தேசக் கணக்கு போடுவதும் ஒழியும். சென்ற கோடையில் ஏசியை அளவுக்கு மேல் ஓடவிட்டு நாங்களே இந்த மேட்டைத் தாண்டினோம். எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்பதை அன்றாடம் கைபேசியில் பார்க்க முடிந்திருந்தால், கடைசி வாரத்தில் கையை இழுத்துப் பிடித்திருப்போம்.

ஆனால் ஸ்மார்ட் மீட்டரை வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதை விட்டு மாதந்தோறும் கணக்கெடுத்தால் எல்லாருக்கும் கட்டணம் குறையும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டணப் படிநிலைகளைப் பாதியாக்கி, 250 யூனிட்டை மாத மேடாக வைத்தால் என்ன ஆகும் என்று அதே 2022 விலையில் கணக்கிட்டுப் பார்த்தேன். மே மாதம் 300 யூனிட், ஜூனில் 190 யூனிட் என்றால், இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 490 யூனிட்டுக்கு 1,665 ரூபாய். அதையே தனித்தனி மாதமாகப் பிரித்தால், மே மாதம் மட்டும் மேட்டைத் தாண்டுவதால், 1,892 ரூபாய் 50 காசு ஆகிறது. வேறு சில வீடுகளுக்கு இதே முறை லாபமாகவும் முடியலாம். ஒரு மாத வெயிலையும் மறுமாத மழையையும் சேர்த்துச் சமன் செய்துகொள்ளும் வசதி போய்விடும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

என் மனத்தை உண்மையில் அழுத்துவது முன்பணம். பயன்படுத்திய பிறகு வீட்டுக்கு வரும் பில்லைக் கட்டும் பழக்கத்தை விட்டு, கைபேசிக்கு ரீசார்ஜ் செய்வதுபோல் மின்சாரத்துக்கும் முதலில் பணம் போட்டுவைத்து, அது தீர்ந்தால் இணைப்பும் போய்விடும் முறை இது. 2021இல் தொடங்கிய மத்திய அரசின் மறுசீரமைக்கப்பட்ட மின் பகிர்மானத் திட்டம் ஸ்மார்ட் மீட்டர்களை இந்த முன்பண முறையோடு சேர்த்தே முன்வைக்கிறது. மீட்டர் வேறு, பணம் வாங்கும் முறை வேறு. ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்றாக வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. அதே மீட்டரை வைத்துக்கொண்டு, பயன்படுத்திய பிறகு பில் அனுப்பவும் முடியும்.

அப்பா இறந்து பல ஆண்டுகளாகியும், எங்கள் வீட்டு இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கிறது. அதோடு இணைத்திருக்கும் கைபேசி எண், ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணனுடையது. பணம் குறைகிறது என்ற எச்சரிக்கை அவருக்குப் போகும். இருட்டில் உட்கார வேண்டியவர் எழுபத்தெட்டு வயது அம்மா. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய நிலைமையும் அல்ல. வாடகை வீடுகளில் எண் உரிமையாளருடையதாக இருக்கிறது. கிராமத்து வீடுகளில் அது வெளிநாட்டில் இருக்கும் மகனுடையதாக இருக்கிறது. அதற்கு மேல், நம்முடைய படிநிலைக் கட்டணமும் முன்பணத்தோடு பொருந்தாது. அதே 2022 கட்டணத்தில் பார்த்தால், இலவசமான முதல் 100 யூனிட் வரை இருப்புத் தொகை அசையாமல் நிற்கும். பிறகு மெல்லக் குறையும். 501ஆவது யூனிட்டில் ஒரே அடியாக 233 ரூபாய் காணாமல் போகும். நேற்று மூன்று நாளுக்குப் போதும் என்றிருந்த பணம் இன்று காலையில் எப்படித் தீர்ந்தது என்பதை ஒரு மூதாட்டிக்கு யார் விளக்குவது?

மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆவது பிரிவு, பணம் கட்டத் தவறியவருக்கும் 15 முழு நாட்கள் எழுத்து மூலம் அவகாசம் கொடுத்த பிறகே இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது. வேலை இழந்தவர், மருத்துவமனையில் கிடப்பவர், சம்பளம் தாமதமானவர் என எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பதினைந்து நாள் ஒரு கைத்தாங்கல். அதைக் கருவியின் கையில் விட்டுவிடக் கூடாது. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி நாளன்று, உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் இணைப்புகள் தவறான ஒரு கட்டளையால் துண்டிக்கப்பட்டன. பழைய முறையில் ஒரு தவறு ஒரு வீட்டின் ஃபியூஸோடு நின்றுவிடும். இந்த முறையில் அது பல ஊர்களை ஒரே நேரத்தில் இருட்டாக்கும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள் இனி மீட்டர் என்றால் முன்பண மீட்டர்தான் என்று சொன்னாலும், மாநில ஒழுங்குமுறை ஆணையம் காரணம் பதிவு செய்து விலக்கு அளிக்கலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு இணைப்புகளுக்கு இந்த விலக்கை வெளிப்படையாக அளிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. முன்பண முறையை விரும்பி ஏற்பவருக்கு அதைக் கொடுக்கட்டும். அப்படி ஏற்பவரிடம் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்று மின்சாரச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்வதால், ஏற்கெனவே கட்டிய தொகையைத் தாமதமின்றித் திருப்பித் தர வேண்டும். உயிர்காக்கும் மருத்துவக் கருவி இயங்கும் வீட்டிலும், இரவு நேரத்திலும், விடுமுறை நாளிலும் எந்தக் காரணத்துக்காகவும் தொலைவிலிருந்து இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது ஆணையாகவே வர வேண்டும்.

அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: மீட்டரை மாற்ற வந்தால் தடுக்க வேண்டாம். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் தொடக்க ரீடிங்கையும் அவர்கள் கண்ணெதிரிலேயே படம் எடுத்து, மின் அட்டையிலும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பணத்துக்குச் சம்மதம் என்று எழுதிய தாள் எதிலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அப்பாவின் பெயரிலிருந்து இணைப்பை மாற்றவும், அண்ணனின் எண்ணுக்குப் பதிலாக என் எண்ணைப் பதியவும் வரும் திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கப்போகிறேன். தங்கள் இணைப்பு யார் பெயரில், எந்த எண்ணோடு இருக்கிறது என்பதைப் பிற வாசகர்களும் மீட்டர் வருவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.